தாயின் கையெழுத்தைக் கற்ற கணினி

வேரா மோல்னார் என்ற ஓவியரை, அவர் மறைந்த செய்தியைப் படித்தபோதுதான் முதன்முதலாக அறிந்தேன். 1924 சனவரியில் புடாபெஸ்ட்டில் பிறந்து, அங்கேயே ஓவியம் பயின்று, 1947இல் பாரிசில் குடியேறிய அவர், நூறு வயது நிறைய ஒரு மாதமே இருந்த நிலையில் 2023 டிசம்பரில் காலமானார். அன்று பார்த்த அவருடைய கோட்டோவியங்களில் ஒன்று நெருக்கமாக எழுதிய கடிதம்போல் இருந்தது. உற்றுப் பார்த்தால் அதில் ஓர் எழுத்துகூட இல்லை. அத்தனையும் மேலும் கீழும் ஏறியிறங்கும் கோடுகள். அந்த ஒரு படம்தான் என்னை அவருடைய மற்றப் படைப்புகளைத் தேடிப் படிக்க வைத்தது.

கணினி அவர் கைக்கு எட்டியது 1968இல். ஆனால் அதற்கு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1959இல், தம்மிடம் ஓர் எந்திரம் இருப்பதாக அவர் பாவித்துக்கொண்டார். எளிய வடிவங்கள் சிலவற்றையும் அவற்றை அடுக்கும் விதிகளையும் முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, விதியில் ஒரே ஒரு கூறை மட்டும் மாற்றி மாற்றி, கிடைக்கும் படங்களை வரிசையாகத் தம் கையாலேயே வரைந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘கற்பனை எந்திரம்’. பாரிசின் பல்கலைக்கழக ஆய்வுக்கூடமொன்றில் மெய்யான கணினி கிடைத்ததும் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதக் கற்றார். தொடக்கத்தில் திரை கிடையாது. பேனாவைப் பற்றியபடி தாளின்மேல் நகரும் பிளாட்டர் கருவி மையால் வரைந்து முடித்த பிறகே, தாம் எழுதிய நிரல் என்ன செய்தது என்பதை அவரால் காண முடிந்தது.

அக்காலத்தில் உருவான ‘குறுக்கீடுகள்’ வரிசையில், கட்டம் கட்டமாக அடுக்கிய சிறு கோடுகளைத் தற்செயல் எண்களின்படி நிரல் திருப்பிவிடுகிறது; பிறகு சில இடங்களில் கோடுகளை நீக்கி வெற்றிடம் விடுகிறது. அந்த வெற்றிடங்களில்தான் கண் போய் நிற்கிறது.

ஆனாலும் என்னை முற்றிலும் ஆட்கொண்டவை, 1980களில் அவர் செய்த ‘என் தாயின் கடிதங்கள்’ என்னும் வரிசை ஓவியங்களே. ஹங்கேரியிலிருந்து தாய் வாரந்தோறும் அவருக்குக் கடிதம் எழுதிவந்தார். ஒவ்வொரு வரியும் இடப்பக்கம் காத்திக் என்னும் பழைய ஐரோப்பிய எழுத்துப் பாணியில் நிமிர்ந்து ஒழுங்காகத் தொடங்கும். வலப்பக்கம் போகப் போகப் பதற்றம் கூடி அலைபாயும். ஆண்டுகள் செல்லச் செல்ல, அந்த ஒழுங்கும் குறைந்து தடுமாற்றமே மிஞ்சியது. இவ்வளவையும் மகள் கவனித்துவைத்திருந்தார். கடிதங்கள் வருவது நின்றபின், கோடு எங்கே சீராக இருக்கவேண்டும், எந்த இடத்திலிருந்து எவ்வளவு குலையவேண்டும் என்று கணினிக்குச் சொல்லிக் கொடுத்து, தாய் தமக்கு எழுதும் கடிதங்களைத் தாமே தொடர்ந்து உருவாக்கினார்.

கணினி ஓவியம் என்றாலே உணர்ச்சியற்றது என்று ஒதுக்குவோர் இவற்றைப் பார்க்கவேண்டும் என மனமார விரும்புகிறேன். ஒருவரது கையெழுத்தின் நடுக்கத்தை நிரலாக எழுதவேண்டுமானால், அந்த நடுக்கம் வரியின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுவரை தெரிந்திருக்கவேண்டும். அன்பில்லாத கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. புதிதாகப் பார்ப்பவர்கள் ‘குறுக்கீடுகளை’ முதலில் பார்த்துவிட்டு இக்கடிதங்களுக்கு வரலாம். தற்செயல் எண் என்ற அதே கருவியை அவர் எவ்வளவு தூரம் கொண்டுசென்றார் என்பது அப்போது தெளிவாகப் புலப்படும்.