கைக்கு முதலில் தெரிந்துவிடுகிறது

மார்ச் 3
இன்று எஸ்கலேட்டரில் ஏறவில்லை. அரை மணி நேரம் அருகில் நின்று அதன் ஓசையைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். 24ஆம் தேதிக்கு இன்னும் 21 நாள்கள் இருக்கின்றன.

மார்ச் 4
பயிற்சி ஆசிரியை இன்றும் ஏறச் சொல்லவில்லை. தரையைத் தட்டிக்கொண்டே வரச் சொன்னார். பார்வையற்ற எனக்கு வழிசொல்லும் வெண்கோலின் நுனி கல் தரையில் எழுப்பும் மழுங்கிய ஒலி, படிக்கட்டுக்கு முன்னே பதித்திருக்கும் உலோகத் தகட்டில் பட்டதும் மாறிவிடுகிறது. அந்த ஒலி மாறிய இடத்திலேயே நின்று, பக்கவாட்டுக் கைப்பிடியைத் தேடி, அதன் மேல் உள்ளங்கையை அழுத்தாமல் வைக்கவேண்டும். கைப்பிடி என்னைவிட்டு முன்னோக்கி நழுவினால் அது எனக்கான வழி. என்னை நோக்கி வந்தால் எதிரே ஆட்கள் வந்து இறங்கும் வழி. அங்கிருந்து உடனே விலகிவிடவேண்டும். கைப்பிடி அசையாமலே இருந்தால் அதைச் சாதாரணப் படிக்கட்டு என்று நம்பக்கூடாது என்று ஆசிரியை இரண்டு முறை சொன்னார். நின்றுபோன எஸ்கலேட்டரில் இரு முனைகளிலும் உள்ள படிகளின் உயரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. கால் ஒரே அளவு உயரத்தை எதிர்பார்த்துத் தடுமாறிவிடும்.

ஏறுவதைப் பற்றி எனக்கு அத்தனை அச்சமில்லை. அது எங்கே முடிகிறது என்பதுதான் என் கவலை.

மார்ச் 6
ஆறு முறை ஏறினேன், ஆசிரியை எனக்கு ஒரு படி கீழே நின்றார். வலக்காலின் முன்பகுதியைத் தகட்டின் ஓரத்தைத் தாண்டி மெல்ல நீட்டினால், காலணியின் அடியில் படிகளின் விளிம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்வது தெரிகிறது. படிக்கட்டு வினாடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் நகர்கிறது, ஒரு படியின் ஆழம் ஏறத்தாழ 40 செ.மீ.; ஆகவே ஒரு விளிம்புக்கும் அடுத்த விளிம்புக்கும் இடையே ஒரு வினாடிகூட முழுதாகக் கிடைப்பதில்லை. எழுதும்போது அச்சமூட்டும் இந்தக் கணக்கு காலுக்குத் தாளமாகவே தெரிகிறது. ஒரு விளிம்பு கடந்த மறுகணம் எடை முழுவதையும் அந்தக் காலுக்கு மாற்றிவிடவேண்டும். பிசகி இரண்டு படிகள் சேருமிடத்தில் நின்றுவிட்டாலும், முதல் ஒன்றிரண்டு படிகள் சமதளமாகவே வெளிவருவதால், அவை உயரத் தொடங்குவதற்குள் காலை நகர்த்திக்கொள்ள அவகாசம் இருக்கிறது. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எத்தனை இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மார்ச் 7
கனவிலும் சீப்பு வந்தது. எஸ்கலேட்டர் முடியுமிடத்தில் தகட்டின் ஓரத்தில் இருக்கும் பல்வரிசைக்கு அதுதான் பெயர்.

மார்ச் 9
பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த ஒன்றைத் தொட்டுப் பார்க்க அனுமதி கிடைத்தது. மண்டியிட்டு விரல்களால் தடவினேன். படியின் மேற்பரப்பில், நகரும் திசையிலேயே நெருக்கமான பள்ளக் கோடுகள் ஓடுகின்றன. தகட்டின் ஓரத்திலிருந்து நீளும் பற்கள் அந்தப் பள்ளங்களுக்குள் ஒவ்வொன்றாக இறங்கி அமர்ந்திருக்கின்றன. என் விரல் நகம் நுழையும் அளவுக்குக்கூட இடைவெளி தெரியவில்லை. படியின் மேல் இருப்பவற்றைப் பற்கள் தகட்டின் மேல் ஏற்றிவிட, படி மட்டும் அடியில் சென்று மறைகிறது. தொடக்கக் கால எஸ்கலேட்டர்களில் ஒரு வகைக்கு இந்தச் சீப்பே கிடையாதாம். முடிவில் குறுக்காக ஒரு தடுப்பு நிற்க, ஆட்கள் பக்கவாட்டில் கால் வைத்து இறங்கவேண்டியிருந்ததாம். 1911இல் லண்டனின் ஏர்ல்ஸ் கோர்ட் நிலையத்தில் திறக்கப்பட்டதும் அந்த வகையே. அதில் நான் எப்படி இறங்கியிருப்பேன் என்று இரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

15 நாள்கள்.

மார்ச் 10
கோபம் இன்னும் அடங்கவில்லை. பாதி உயரத்தில் ஒருவர் என் கைப்பிடிக் கையைப் பற்றித் தூக்கினார். "பயப்படாதீர்கள், நான் இறக்கிவிடுகிறேன்" என்றார். அவர் உதவவே வந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எனக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்த ஒரே பொருளிலிருந்து என் கையை எடுத்துவிட்டார். மறுகையில் இருந்த கோல் சாய்ந்து, முனை வந்ததும் அதன் நுனி சீப்பில் இடித்தது. நான் முன்னால் தள்ளப்பட்டுத் தகட்டில் முழங்கால் ஊன்றி விழுந்தேன். பின்னால் வந்தவர்கள் என் முதுகில் மோதினார்கள். அவர் "உதவி வேண்டுமா?" என்று ஏறுவதற்கு முன்பே கேட்டிருக்கலாம், நான் வேண்டும் என்றால் தம் முழங்கையை நான் பற்றிக்கொள்ளக் கொடுத்திருக்கலாம். நகரும் படியில் நிற்கும் ஒருவரின் கையைத் தொடுவது அவருடைய கண்ணை மூடுவதற்குச் சமம் என்று எவ்வளவு உரக்கச் சொன்னால் கேட்பார்கள்?

மார்ச் 12
மின்தூக்கியில் சென்றேன். அதைப் பற்றி எழுத மனமில்லை.

மார்ச் 15
இறங்கும் திசை. இதைத்தான் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தேன்.

கோலைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் நுனியை எனக்கு ஒரு படி கீழே ஊன்றினேன். கைப்பிடியில் கையைச் சற்று முன்னே நீட்டி வைத்தேன். முடிவு நெருங்கியபோது, காலில் எந்த மாற்றமும் தெரிவதற்கு முன்பே, கைப்பிடியின் சரிவு குறைந்து சமமாவதைக் கை உணர்ந்துவிட்டது. உடலுக்கு முன்னே இருப்பதால் வளைவை அதுதான் முதலில் கடக்கிறது. அடுத்து, கீழ்ப்படி என் படியின் மட்டத்துக்கு உயர்ந்து வர, கோல் என் கையை மெல்ல மேலே தள்ளியது. இரண்டு செய்திகளும் வந்தபின், கோலின் நுனியைச் சற்றே உயர்த்தி, கால்விரல்களையும் உயர்த்திக்கொண்டு காத்திருந்தேன். சீப்பு காலணியின் அடியில் வழுக்கிச் சென்றது. நிற்காமல் நேராகச் சில அடிகள் நடந்தேன். பின்னால் வருபவர்களுக்கு இடம் விட்டாக வேண்டும்.

அழுகை வந்தது. ஆசிரியை ஒன்றும் பேசாமல் அருகில் நின்றார்.

மார்ச் 16
வழிகாட்டி நாயுடன் நடக்கும் தோழி தொலைபேசியில் பேசினாள். அவள் நகரும் படிக்கட்டைத் தவிர்த்து மின்தூக்கியையே தேடுகிறாள். நாயின் விரலோ நகமோ சீப்பில் சிக்கினால் கடுமையாகக் காயப்படும் என்பதால். மீண்டும் சீப்புதான். 12ஆம் தேதியை நினைத்து இனி வெட்கப்படப் போவதில்லை.

மார்ச் 18
தனியாக நான்கு முறை ஏறி இறங்கினேன். அவசரமாக நிறுத்தும் பொத்தான் இரு முனைகளிலும் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவி மனத்தில் பதித்துக்கொண்டேன். காலணியின் கயிற்றையும் உடையின் தொங்கும் நுனியையும் சரிபார்த்த பிறகே ஏறினேன். பக்கச் சுவருக்கும் படிக்கும் இடையிலுள்ள இடுக்கில் இரண்டுமே சிக்கக்கூடும்.

மூன்றாம் முறை முனையில் யாரோ நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "வழி விடுங்கள், இறங்குகிறேன்" என்று பாதியிலிருந்தே உரக்கச் சொன்னேன். விலகினார்கள்.

மார்ச் 20
அண்ணன் 24ஆம் தேதி மேல்தளத்தில் வந்து நிற்பதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கீழேயாவது நிற்கட்டுமா?" என்று கேட்டார்.