மாடியில் ஆள்காட்டி முட்டை வைத்தால்

கோடையில் காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத் தோப்பு வீடுகளில் ஆள்காட்டிப் பறவை கத்திக்கொண்டு தலைக்கு மேல் பாய்ந்தால், பக்கத்தில் முட்டை இருக்கிறது. குச்சிக் கூடு தேடாதீர்கள். சரளைக்கல் நடுவே சின்னக் குழி, பெரும்பாலும் 4 முட்டை, மண் நிறத்தில் கரும்புள்ளி. காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

பொரிக்க ஏறக்குறைய 28 முதல் 30 நாள். அதுவரை நாலைந்து அடி தள்ளிக் கல் வைத்து அடையாளம் காட்டுங்கள், டிராக்டர்காரரிடமும் சொல்லிவிடுங்கள். நாயைக் கட்டுங்கள். நின்று பார்க்காமல் ஒரே தடத்தில் நடந்து போங்கள். குடை போதும், பாய்ச்சல் பெரும்பாலும் மிரட்டல்தான். முட்டையை நகர்த்தினால் பறவை கைவிடக்கூடும். அதை எடுப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

மொட்டை மாடிதான் உண்மையான சிக்கல். குஞ்சு பொரித்த அன்றே ஓடும், ஆனால் பறக்க வாரக்கணக்கில் ஆகும். தாய் ஊட்டாது, தானே பூச்சி பொறுக்க வேண்டும், மாடியிலோ இரை இல்லை, தளம் கொதிக்கும். எட்டத்தில் ஒரு பலகையைச் சாய்த்து நிழல் கொடுங்கள். அகலத் தட்டில் கூழாங்கல் போட்டு அரை அங்குலம் தண்ணீர் வையுங்கள். தாய் வயிற்று இறகை நனைத்துவந்து முட்டையைக் குளிர்விக்கும். பொரிக்கும் நாள் நெருங்கும்போதே வனத்துறைக்குச் சொல்லிவிட்டால், குஞ்சுகளைக் கீழே இறக்க வழி கேட்கலாம்.