குட்டி பிஸ்டலின் ட்ரிகர் ஏன் அப்படி இருக்கிறது

ஹூஸ்டனில் எந்தத் துப்பாக்கிக் கடைக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒருவர் கவுண்டர் முன்னால் நின்று குட்டி பிஸ்டல் ஒன்றைக் கையில் வாங்குவார், காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாலு தடவை டிக் டிக்கென்று இழுப்பார், "ட்ரிகர் சரியில்லையே" என்று முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கி எங்கே இருக்கப்போகிறது, இடுப்பிலா பாக்கெட்டிலா என்று யோசிக்காமல் ட்ரிகரை மட்டும் எடைபோடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் ஒரு கணக்கு. 2008-இல் வந்த ரூகர் எல்சிபி என்ற குட்டி பிஸ்டல் தோட்டா இல்லாமல் சுமார் 270 கிராம்தான், ஒரு பெரிய செல்போன் அளவு எடை. அதன் ட்ரிகரை இழுக்க ஆறு பவுண்டுக்கு மேல் வேண்டும், அதாவது 2.7 கிலோ. துப்பாக்கியின் எடையைப்போல பத்து மடங்கு விசையை ஒரே ஒரு விரலால் கொடுக்க வேண்டும், அதே நேரத்தில் மிச்ச விரல்கள் அதை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய பிஸ்டலான கிளாக் 19-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 600 கிராம், ட்ரிகர் ஐந்தரை பவுண்டு, நாலு மடங்குதான் வரும். பழைய 1911 பிஸ்டல் மாதிரி ஒரு கிலோவைத் தாண்டும் இரும்புத் துண்டாக இருந்தால் ரெண்டு மடங்கோடு முடிந்துவிடும். ட்ரிகரின் எடை பெரிதாக மாறவே இல்லை, அதைத் தாங்கிப் பிடிக்கிற உடம்புதான் இளைத்துவிட்டது. குழல் வேறு மூன்று அங்குலம்கூட இல்லை, குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவில் இடமே கிடையாது, அதனால் விரல் ஒரு நூல் பக்கவாட்டில் தள்ளினாலும் குண்டு எங்கோ போய்விடும்.

கம்பெனிக்காரர்கள் ஏன் லேசாகச் செய்யவில்லை என்று கேட்டால், தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்குத் துப்பாக்கி சின்னதா பெரியதா என்று தெரியாது. அது வெடிக்க ஒரு குறிப்பிட்ட அடி விழுந்தே ஆக வேண்டும். சின்ன துப்பாக்கியில் அந்த அடியைக் கொடுக்கும் சுத்தியல், அதாவது ஹேமரும் சின்னது, அது பயணிக்கும் தூரமும் குறைவு, அப்போது அந்த அடிக்கு வேண்டிய பலம் ஸ்ப்ரிங்கிலிருந்துதான் வர வேண்டும். அந்த ஸ்ப்ரிங்கை இழுப்பது நம் விரல்.

பழைய எல்சிபியில் ஸ்லைடு (பின்னால் இழுபடும் மேல் பகுதி) ஹேமரைப் பாதிதான் ஏற்றி வைக்கும், மீதியை ட்ரிகர் முடிக்கும், அதனால்தான் அவ்வளவு நீளமான இழுப்பு. தனியாக சேஃப்டி பொத்தான் எதுவும் கிடையாது, அந்த நீளம்தான் சேஃப்டி. 2016-இல் எல்சிபி 2 வந்தபோது ஹேமரை முன்கூட்டியே ஏற்றி வைத்து இழுப்பைச் சுருக்கினார்கள், விரல் அழுத்தினால்தான் ட்ரிகர் நகரும்படி அதன் நடுவில் ஒரு சின்ன நாக்கு வைத்தார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியும் அதே வழியில்தான் போனது. அவர்களுடைய பாடிகார்ட் 380-இன் ட்ரிகர் இழுப்புக்கு முடிவே இருக்காது, 2024-இல் வந்த பாடிகார்ட் 2.0-இல் தட்டையான, சுருக்கமான ட்ரிகர். சுடுவதற்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை.

ஆனால் பாக்கெட் என்பது வேறு இடம். டெக்சஸ் வெயிலில் மெல்லிய சட்டையும் அரைக்கால் சட்டையுமாகத் திரியும் நாலு மாதத்துக்கு இடுப்பில் ஒளித்து வைப்பது கஷ்டம், துப்பாக்கி பாக்கெட்டுக்குப் போய்விடுகிறது. குனிகிறோம், காரில் ஏறுகிறோம், அவசரத்தில் அதே பாக்கெட்டில் சாவியைப் போடப் பார்க்கிறோம். (ஹோல்ஸ்டர் என்கிற உறை இல்லாமல் வெறும் பாக்கெட்டில் போடுகிறவர்களோடு நான் பேசுவதில்லை.) அங்கே எனக்கு வேண்டியது படக்கென்று விடுகிற ட்ரிகர் அல்ல. வேண்டுமென்றே இழுத்தால்தான் வரும் என்கிற ட்ரிகர்.

அதற்காகக் கனம் கூடக்கூட நல்லது என்றும் சொல்லவில்லை. நியூயார்க் போலீஸ் பல வருஷம் தங்கள் பிஸ்டல்களில் 12 பவுண்டு ட்ரிகர் வைத்திருந்தது, கைதவறிச் சுடாமல் இருக்கட்டும் என்று. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே கொலைகாரன் ஒருவனை இரண்டு போலீஸ்காரர்கள் சுட்டபோது வழியில் நின்ற ஒன்பது பேர் காயப்பட்டார்கள். காரணம் ட்ரிகர் மட்டும்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த 12 பவுண்டு பற்றிய பேச்சு அப்போது பெரிதாகவே எழுந்தது.

என் கணக்கில் கனத்தைவிட முக்கியம் இழுப்பு ஒரே சீராக வருகிறதா என்பது. என் பாக்கெட்டில் இருப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642, ஐந்து தோட்டா ரிவால்வர். இழுக்க ஏறக்குறைய 12 பவுண்டு, கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் நடுவில் முட்டி நிற்காமல், கரகரக்காமல், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உருண்டு வருகிறது. எப்போது விடும் என்று விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரே தொல்லை, சுட்டபின் விரலை முழுசாக முன்னால் விட வேண்டும், அவசரத்தில் பாதியில் மறுபடி இழுத்தால் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் சுற்றியிருக்கும், குண்டு வெடிக்காது. பழைய எல்சிபியிலும் இதே பிரச்சினை உண்டு. கடை கவுண்டரில் எல்லோரும் ரசிக்கிற அந்த "கிளிக்" ரீசெட் (ட்ரிகர் அடுத்த இழுப்புக்குத் தயாராகும் இடம்), உண்மையில் குண்டு வெடிக்கிற அதிர்ச்சியில் காதிலும் விழாது, விரலிலும் படாது.

நண்பர்கள் அடிக்கடி கேட்பது லேசான ஸ்ப்ரிங் செட் போடலாமா என்று. ரேஞ்சில் மட்டும் சுடுகிற துப்பாக்கிக்குப் போடுங்கள். கூடவே கொண்டுபோகிற துப்பாக்கிக்கு வேண்டாம், ஹேமரின் அடி பலவீனமாகி, கடினமான பிரைமர் உள்ள தோட்டா ஒன்று வெடிக்காமல் போகும். அந்தக் காசுக்கு ஸ்னாப் கேப் என்கிற வெடிக்காத பயிற்சித் தோட்டா வாங்கிக்கொள்ளுங்கள். நிஜத் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, முன்குறி மேல் ஒரு நாணயத்தை நிறுத்தி, அது விழாமல் ட்ரிகரை முழுசாக இழுத்துப் பாருங்கள். வாங்கும் முன்பு வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்ச் பக்கத்தில் இருந்தால் ஏழு கஜத்தில் ஒரு பெட்டி தோட்டா சுட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். கவுண்டரில் பிடிக்காத ட்ரிகர் அங்கே பிடித்துப்போவதும் உண்டு, பிடித்தது கசப்பதும் உண்டு.