யாரைத் திரும்ப அழைப்பது?

எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் சீசன் செப்டம்பர் தொடக்கத்தில் முடிந்தது. எனக்கு வேலை அதற்குப் பிறகுதான் வந்தது. அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். பகலில் மென்பொருள் வேலை, கோடை மாலைகளில் அணிக்காகச் சம்பளமில்லாமல் ஸ்கோர் கணக்கு. இந்த ஆண்டு மேனேஜர் முதன்முறையாக என்னையும் உட்கார வைத்து, அடுத்த ஆண்டுக்கு யார் யார் வேண்டும் என்று கேட்டார்.

எங்களுடையது அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கின் எந்த அணியோடும் சேராத சுயேச்சை அணி. மேஜர் லீக் அணிகள் 2021-இல் தங்களோடு இணைந்த சிறு அணிகளை 120-ஆகக் குறைத்துவிட்டன. புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட், 2019 வரை 40 சுற்று நடந்தது, அதுவும் அந்த ஆண்டிலிருந்து 20 சுற்றானது. அதனால் வெளியே நின்றுபோன நல்ல பையன்கள் பலர் எங்களைப் போன்ற அணிகளுக்கு வருகிறார்கள். சுமார் 100 ஆட்டங்கள், இரவெல்லாம் பஸ் பயணம். வரும் சம்பளத்தில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பதால் ஊர்க்காரர்கள் வீட்டில்தான் தங்குவார்கள். எங்கள் வீட்டு மாடி அறையிலும் ஒரு ரிலீஃப் பிட்சர், அதாவது ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து வீசுபவன், தங்கியிருந்தான்.

ஐபிஎல்லில் தக்கவைக்கும் வீரர்கள் பட்டியல் வெளியிடுவார்களே, ஏறக்குறைய அது மாதிரிதான், ஏலம் மட்டும் கிடையாது. வீரரை அடுத்த சீசனுக்கும் வைத்துக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்திலேயே அணிக்கு உண்டு. குறித்த தேதிக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

அந்தக் கோடையில் எங்கள் சட்டையைப் போட்டவர்கள் 38 பேர். பாதிப் பெயர்களுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரை மேஜர் லீக் அமைப்புகள் வாங்கிக்கொண்டன. அது எங்களுக்கு இழப்பே இல்லை, நாங்கள் இருப்பதே அதற்காகத்தான். சிலர் ஆட்டத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் விஷயத்தில்தான் மூன்று வாரம் ஓடியது.

முதலில் என்னைத் தடுமாற வைத்தது அனுபவ விதி. பட்டியலில் புதியவர்கள் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும், மூத்தவர்கள் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று லீக் வரம்பு வைத்திருக்கிறது. நான் திறமையை வைத்து 1 முதல் வரிசை போட்டுக் கொண்டுபோனேன். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடுத்த மே மாதம் அவர் எந்தப் பிரிவில் இருப்பார் என்று எழுதச் சொன்னார். எழுதியதும் வரிசையே மாறிவிட்டது. எங்கள் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) எங்கும் போகவில்லை, ஆட்டமும் குறையவில்லை. ஆனால் ஒரு சீசன் கூடியதால் மூத்தவர் பிரிவுக்குப் போகிறார். அங்கே இருப்பது மூன்று இடம், அதற்கு நான்கு பேர். அவரைவிடச் சுமாராக ஆடும் முதலாண்டுப் பையனுக்கு இடம் உறுதி. இது நியாயமா என்று எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. ஆனால் விதி அதுதான், அதற்குள்தான் அணி கட்ட வேண்டும்.

அடுத்தது முதல் பேஸ்மேன். இடது கை பேட்டர், 18 ஹோம் ரன், அதாவது 18 முறை பந்தை வேலிக்கு வெளியே அடித்திருக்கிறார். அதில் 13 எங்கள் மைதானத்தில் அடித்தவை. இடது கைக்காரர் இழுத்து அடித்தால் பந்து போகும் வலது பக்க வேலி இங்கே கிட்டத்தில் இருக்கிறது. எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது என்றேன். “பாதி ஆட்டம் நாம் அங்கேதானே ஆடுகிறோம்?” என்றார் மேனேஜர். அவர் சொன்னது சரி. வேலி நகரப் போவதில்லை, அந்தப் பையனின் ஸ்விங்கும் அதற்குப் பொருந்துகிறது. அவரை வைத்துக்கொண்டோம்.

கேட்சர் பேட்டிங்கில் தடவினார். ஆனால் எங்கள் பிட்சர்கள் எல்லோரும் அவருக்கு வீசத்தான் ஆசைப்பட்டார்கள். அவரைப் பற்றிப் பேச்சே இல்லை, முதல் பெயர் அவருடையது.

பிட்சர்களுக்கு என் கணக்கு கொஞ்சம் உதவியது. பேட்டில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆகுமா (பேட்டர் பத்திரமாக பேஸை அடைவாரா) ஆகாதா என்பதில் பிட்சரின் பங்கு நினைப்பதைவிடக் குறைவு என்று பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன் 2001-இல் எழுதினார். பிட்சரின் கையில் இருப்பவை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது), வாக் (நான்கு தவறான பந்து வீசி பேட்டருக்கு முதல் பேஸை இலவசமாகக் கொடுப்பது), ஹோம் ரன். மைதானத்துக்குள் விழும் பந்துகளில் பத்துக்கு மூன்று ஹிட் ஆவது பொதுவான அளவு. ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து வீசும் இடது கை ஸ்டார்ட்டர் ஒருவர் ஐந்துக்கு மேல் ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன்களின் சராசரி, குறைந்தால் நல்லது) வைத்திருந்தார். ஆனால் ஸ்ட்ரைக் அவுட் நிறைய, வாக் குறைவு, பத்துக்கு நாலு பந்து அதிர்ஷ்டக் கேடாக ஆளில்லாத ஓட்டையில் போய் விழுந்திருக்கிறது. அவரை விடாதீர்கள் என்றேன், கேட்டுக்கொண்டார்கள்.

அதே தாளில் அடுத்த வரி எங்கள் மாடி அறைப் பையன். ஈஆர்ஏ மூன்றுக்குக் கீழே. ஆனால் பத்துக்கு இரண்டுதான் ஹிட் ஆகியிருக்கிறது, ஸ்ட்ரைக் அவுட்டும் வாக்கும் கிட்டத்தட்ட சமம். தாளைத் தயாரித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டவன், இவனைப் பற்றி நான் பேசக் கூடாது என்று மேனேஜரிடம் சொன்னேன். “நீங்கள் பேச வேண்டாம், தாளே பேசுகிறது” என்றார். அவனுக்கு உரிமையைப் பயன்படுத்தவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தேவைப்பட்டால் டிரேடுக்கு, அதாவது வேறு அணியோடு வீரரை மாற்றிக்கொள்ள, ஆகும் என்று ஆறேழு பேரின் உரிமையைச் சும்மா பிடித்துவைக்கலாம் என்ற யோசனை வந்தது. பல அணிகள் செய்வதுதான், விதிக்கும் உட்பட்டது. ஆனால் அக்டோபரில் விடுவித்தால் அந்தப் பையனுக்கு இடம் தேட முழுக் குளிர்காலம் இருக்கிறது. மே மாதப் பயிற்சி முகாமில் பெட்டியைக் கட்டச் சொன்னால் மற்ற அணிகள் எல்லாம் நிரம்பியிருக்கும். 26 வயதுக்காரருக்கு ஒரு கோடை போனால் ஆட்டமே போன மாதிரி. இரண்டு நாள் வாதாடினேன். கடைசியில் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டார்கள். அந்த இரண்டு பேரில் ஷார்ட்ஸ்டாப்பும் ஒருவர். அதில் எனக்கு வருத்தம்தான்.

நாம் விடுகிறவர் பிறகு பெரிய ஆளாகிவிடுவாரோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. டேனியல் நாவா கதை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். சிக்கோ அவுட்லாஸ் என்ற சுயேச்சை அணி முதலில் அவரை வேண்டாம் என்று அனுப்பி, பிறகு திரும்ப அழைத்தது. மேஜர் லீக் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் முதலில் வெறும் 1 டாலர் கொடுத்து அவருடைய உரிமையை வாங்கியது. 2010 ஜூன் 12 அன்று மேஜர் லீக்கில் தான் சந்தித்த முதல் பந்திலேயே கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன்) அடித்தார். விட்டவரையே திரும்ப அழைக்க அந்த அணி தயங்கவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த இடம்.

எங்கள் பையனிடம் மேனேஜர் போனில் சொல்லும் வரை நான்கு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதற்குள் ஒருமுறை அவன் என் மனைவியிடம் பேசி, அடுத்த கோடையிலும் அதே அறை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறான். அவளிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

செய்தி போன அன்று இரவு என்னைக் கூப்பிட்டான். “உங்களுக்கு முன்பே தெரியுமா?”

“தெரியும்” என்றேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. அப்புறம், என்ன காரணம், மேனேஜர் ஏதோ எண் சொன்னாரே, அதை அனுப்ப முடியுமா என்று கேட்டான். மேனேஜரிடம் அனுமதி வாங்கி அவனுடைய வரியை மட்டும் அனுப்பினேன். மறுநாள் ஒரு கேள்வி வந்தது: மறுபடி முகாமுக்குக் கூப்பிட வேண்டுமென்றால் ஸ்ட்ரைக் அவுட் எத்தனை கூட வேண்டும்? ஒரு வாக்குக்கு இரண்டு ஸ்ட்ரைக் அவுட்டாவது காட்டு என்று எழுதினேன். சேஞ்சப் பந்தை (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) வேறு மாதிரிப் பிடித்துப் பார்க்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறான்.