அப்பா கையில் ஒட்டிய வில்லை

அப்பாவின் மேல்கையில் சர்க்கரை சென்சார் ஒட்டி மூன்று வாரம் ஆகிறது. ஒன்று 14 நாள்தான் வரும், இது இரண்டாவது. போன வாரம் ராத்திரி 2 மணிக்கு அதோடு இணைத்த போன் அலறியது: சர்க்கரை 58, ரொம்பக் குறைவு. பதறிப்போய் அவரை எழுப்பி, ஒரு கையில் குளுக்கோஸ் தண்ணீரோடு விரலில் குத்திப் பார்த்தால் 104! அந்தக் கை மேலேயே ஒருக்களித்துப் படுத்திருக்கிறார், சென்சார் அழுந்தி, இருப்பதைவிடக் குறைத்துக் காட்டிவிட்டது, அவ்வளவுதான். அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கு அடியில் இருக்கும் திரவத்தை. அதனால் எப்போதுமே சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும்.

காலையில் அந்த கிராஃபை ஒரு ஏஐ செயலியிடம் கொடுத்தேன். ராத்திரி மாத்திரை அளவு அதிகமாக இருக்கலாம் என்று அழகாக, காரணத்தோடு எழுதித் தந்தது. படுத்த பக்கம் அதற்கு எப்படித் தெரியும், நானும் சொல்லவில்லையே. மாத்திரையைத் தொடவில்லை, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் நாலு இட்லிக்கும் ரெண்டு அடைக்கும் கோடு எப்படி ஏறுகிறது என்று பார்ப்பது நிஜமாகவே உதவுகிறது. அப்பாவுக்குத்தான் எரிச்சல். “ஏம்ப்பா, பசிக்குதான்னுகூட இனிமே அதுகிட்டதான் கேக்கணுமா?” என்றபடி ஐந்தாவது இட்லியை எடுத்தார்.