ஜூலை கடைசியில் ஆள் வாங்கினால் கோப்பை வருமா?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு அணிக்கு சீசனுக்கு 162 ஆட்டம். ஜூலை கடைசியில் வேறு அணியிலிருந்து ஆள் வாங்கினால் மிச்சம் 55 சொச்சம்தான். எளிதில் கிடைக்கும் சாதாரண மாற்று வீரரைவிட முழு சீசனில் 6 வெற்றி கூடுதலாகத் தரும் நட்சத்திரமே அதற்குள் 2 தான் தருவார். 8 ஆட்டம் பின்தங்கிய அணிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஓட்டையை அடைக்க வாங்கினால் கதை வேறு. 2021 ஜூலையில் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் வெளிக்கள நட்சத்திரம் அகூன்யாவுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. பீடர்சன், டுவால், சோலர், ரொசாரியோ என நான்கு வெளிக்கள ஆட்டக்காரர்களைப் பெரிய விலை கொடுக்காமலே பிடித்தார்கள். லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் ரொசாரியோ, கோப்பைக்கான உலகத் தொடரில் சோலர். கோப்பையும் வந்தது (அதிர்ஷ்டமும் கூடவே வந்தது, மறுக்கவில்லை).

இதற்கு நேர்மாறாக, 2023ல் ஏஞ்சல்ஸ் அணி, இளம் கேட்சர் (பந்தைப் பிடிப்பவர்) குவேரோ உட்பட இருவரைக் கொடுத்து பந்துவீச்சாளர்கள் ஜியோலிட்டோவையும் லோபஸையும் எடுத்தது. ஆகஸ்ட்டில் சரிவு, மாதக் கடைசியில் வாங்கிய இருவரையுமே வேவர்ஸில் விட்டது (வேறு அணி எடுத்துக்கொள்ளட்டும் என்று). முடிவு 73 வெற்றி, 89 தோல்வி. குவேரோ போனது போனதுதான்.