எங்கள் ஊர்ப் பால்வாடியை மூட விடாமல் தடுத்தது எப்படி

குடியாத்தம் பக்கம், மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு ஊராட்சியில் நான் வார்டு உறுப்பினர். 2021 அக்டோபர் தேர்தலில் ஜெயித்து வந்தவள். எங்கள் குக்கிராமத்துப் பால்வாடியை, அதாவது அங்கன்வாடி மையத்தை, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மையத்தோடு இணைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு 2025 ஏப்ரலில் காதுக்கு வந்தது. கோடை விடுமுறை முடிந்தால் இங்கே பூட்டு. அதைத் தடுக்க என்ன செய்தோம் என்று மற்ற ஊராட்சி உறுப்பினர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். மீதி வீட்டுப் பெண்கள் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். கம்பெனி வேன் விடியும்போதே வந்துவிடும். பீடி சுற்றும் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் எப்படி என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அம்மா மடியில் முறம். முறத்தில் வெட்டிய இலை, நடுவில் தூள், ஓரத்தில் கத்தரியும் நூலும். இரண்டு வயதுக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து தூளில் கைவிட்டு அளையும். கண்ணைக் கசக்கும், இருமும், அதே கையை வாயில் வைக்கும். அம்மா ஒரு கையால் தள்ளிவிட்டு மறு கையால் சுற்றிக்கொண்டே இருப்பாள். ஆயிரம் பீடி சுற்றினால்தான் அன்றைக்குக் கூலி. அந்தக் குழந்தை பகலில் சில மணி நேரமாவது நல்ல காற்றில், சூடான சோறு சாப்பிட்டு, பாட்டுப் பாடி, தூங்கி எழ ஒரே இடம் பால்வாடிதான். வாரத்துக்கு 3 முட்டை, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு, மாதா மாதம் எடை பார்ப்பது எல்லாம் அங்கேதான்.

இணைப்புக்குச் சொன்ன காரணம், குழந்தைகள் வரவில்லை என்பது. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஆயா ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. டீச்சருக்கு இன்னொரு மையத்தைக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தார்கள். வாரத்தில் பாதி நாள் அவர் அங்கே. கட்டடத்தில் மேல்தளம் பெயர்ந்து விழ ஆரம்பித்ததும் குழந்தைகளைச் சமுதாயக்கூடத்துத் தாழ்வாரத்துக்கு மாற்றினார்கள். அங்கே கழிப்பறை இல்லை, கதவும் இல்லை. எந்தத் தாய் அனுப்புவாள்? வருகை இறங்கியது. 2021இல் வந்த போஷன் ட்ராக்கர் என்ற மத்திய அரசின் அங்கன்வாடி ஆப்பில்தான் இப்போது எல்லாவற்றையும் பதிய வேண்டும். மலையோரத்தில் சிக்னல் கிடைக்காத நாளில் வந்த குழந்தையும் வராத கணக்கில் போய்விடும். கடைசியில் அந்த எண்ணிக்கையையே எடுத்துக்காட்டி, மையம் தேவையில்லை என்றார்கள். இதில் என் கோபம் டீச்சர் மேல் இல்லை. ஒற்றை ஆளாகச் சமைத்து, சொல்லிக் கொடுத்து, ஆப்பும் பார்த்தவர் அவர்.

முதல் வேலையாக எழுத்தில் உத்தரவு கேட்டேன். "ஆர்டர்னு எதுவும் வரலைம்மா, மீட்டிங்ல சொன்னாங்க" என்றார் மேற்பார்வையாளர். அப்படியென்றால் மூடவும் முடியாது என்று சொல்லிவிட்டு, அன்றே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். வெள்ளைத் தாள், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை, பதிவுத் தபால், அவ்வளவுதான் செலவு. இணைப்பு உத்தரவின் நகல், அதற்கு அடிப்படையான கோப்பு, ஆயா பணியிடம் எந்தத் தேதியிலிருந்து காலி, கட்டடப் பழுது பற்றி யார் யாருக்குக் கடிதம் போனது, இவைதான் கேள்விகள். ஏன் மூடுகிறீர்கள் என்று கேட்டால் "தகவல் அல்ல" என்று திருப்பி விடுவார்கள். ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

அதற்குள் மகளிர் குழுப் பெண்களோடு வீடு வீடாகப் போனோம். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, அம்மா என்ன வேலைக்குப் போகிறார், பால்வாடிக்கு அனுப்பாவிட்டால் ஏன் என்று ஒரு நோட்டில் எழுதினோம். "இன்னாம்மா மெம்பரு, மூடறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க, இப்ப எதுக்குக் கணக்கு?" என்று ஒரு பாட்டி கேட்டார். பேரன் பெயரை எழுதி முடித்ததும் அவரே அடுத்த நாலு வீட்டுக்குக் கூட வந்தார். மையத்துப் பதிவேட்டில் இருந்தவை 19 பெயர்கள். எங்கள் நோட்டில் 6 வயதுக்குள் 46 குழந்தைகள். அனுப்பாததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கழிப்பறை இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

46 என்ற எண் முக்கியம். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று ஒரு உத்தரவு போட்டது. 6 வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்து அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், 3 மாதத்துக்குள் மையம் தர வேண்டும். இல்லாத ஊருக்கே தர வேண்டும் என்றால், இருக்கிற ஊரில் எப்படி எடுப்பீர்கள்? 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் 6 மாதம் முதல் 6 வயது வரையிலான குழந்தைக்கு உணவை உள்ளூர் அங்கன்வாடி வழியாகத்தான் தரச் சொல்கிறது. பிறகு கலெக்டரிடம் கொடுத்த மனுவில் இந்த இரண்டையும்தான் முன்வைத்தேன்.

வார்டு உறுப்பினருக்கு இதில் என்ன வேலை என்று ஒரு அலுவலகத்தில் கேட்டார்கள். அரசியல் சட்டத்தின் 11ஆம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கான 29 பொருள்களில் பெண்கள், குழந்தைகள் வளர்ச்சியும் ஒன்று. 2011இல் மத்திய அரசு அங்கன்வாடி அளவில் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொன்னபோது, அதன் தலைவராக ஊராட்சி உறுப்பினரைத்தான், அதிலும் முடிந்தவரை பெண் உறுப்பினரைத்தான் வைத்தது. அந்தக் குழு எங்கள் ஊரில் கூடியதே இல்லை. நான் கூட்டினேன். டீச்சர், கிராம செவிலியர், அம்மாக்கள் உட்கார்ந்து பேசியதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

மே 1 கிராம சபை எங்களுக்கு வாய்ப்பான நாளாக அமைந்தது. தொழிலாளர் தினம் என்பதால் ஷூ கம்பெனிக்கு லீவு. அம்மாக்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். எங்கள் அளவு ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் குறைவெண் வரம்பு (கோரம்) நிறையும். அன்றைக்கு உட்கார இடமில்லை. தலைவர் முதலில் தயங்கினார்: "மேல இருந்து வர்றதும்மா, நாம இன்னா பண்ண முடியும்?" இதைக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லி முன்கூட்டியே எழுத்தில் கொடுத்திருந்தேன். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண் ஒருத்தி எழுந்து, குழந்தையைப் பூட்டிய வீட்டில் மூத்த பெண்ணிடம் விட்டுவிட்டுப் போவதாகவும், அந்தப் பெண் அதனால் பள்ளிக்கூடம் போகாமல் நிற்பதாகவும் சொன்னாள். அதற்குப் பிறகு தலைவரே தீர்மானத்தை வாசித்தார். அவருக்கு நான் நன்றியுள்ளவள். கிராம ஊராட்சியில் நாங்கள் கட்சிச் சின்னத்தில் நின்றவர்கள் இல்லை. எல்லாக் கட்சி வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மாநிலத்தில் 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பில் போய்விட்டன. தேர்தல் தள்ளி நடந்த வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உள்ளிட்ட 9 மாவட்டங்களில்தான் நாங்கள் அப்போதும் பதவியில் இருந்தோம். உறுப்பினரே இல்லாத ஊரில் இப்படி ஒரு மையத்தை எடுத்தால் யார் போய்க் கேட்பது என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்தோம். பெரிய கூட்டமாகப் போகவில்லை. ஒரு நாள் போனால் பீடிக்காரப் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போகும். ஒரு பக்க மனு, அதோடு கிராம சபைத் தீர்மானம், குழந்தைகள் பட்டியல், பெயர்ந்த மேல்தளத்தின் போட்டோ. பதிவு எண்ணோடு ரசீது வாங்காமல் நகரவில்லை.

ஜூன் மாதம் ஒரு அதிகாரி நேரில் பார்க்க வந்தார். ஜீப்பில் அந்தப் பக்கத்து மையத்துக்குப் போகலாம் என்றார். "நடந்தே போகலாம் சார், குழந்தைங்க நடக்கத்தானே போகுது" என்றேன். சரி என்று இறங்கிவிட்டார். முன்னே அந்தப் பாட்டி, கையில் மூன்று வயதுப் பேரன். கொஞ்ச தூரம் நடந்தான், அப்புறம் தூக்கச் சொல்லி அழுதான்; பாட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று நின்று வந்தார். தரைப்பாலத்துக்கு வந்தபோது ஓடை காய்ந்து கிடந்தது. பக்கத்துச் சுவரில் 2021 நவம்பர் வெள்ளத்தின் சேற்றுக்கோடு இன்னும் இருந்தது. அந்த மழையில் மோர்தானா அணை நிரம்பிக் கௌண்டன்ய ஆற்றில் வெள்ளம் போனபோது, இந்த ஓடையும் பாலத்துக்கு மேலே ஓடி எங்கள் ஊரைத் துண்டித்தது. கோட்டின் உயரம் அதிகாரியின் இடுப்புக்கு மேல் இருந்தது. அவர் பேரனைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கத்து மையத்தில் ஒரே அறை. ஏற்கெனவே அந்த ஊர்க் குழந்தைகளுக்கே நெருக்கடி. அதையும் குறித்துக்கொண்டார்.

தகவல் மனுவுக்குப் பதில் கெடு தாண்டித்தான் வந்தது, அதுவும் முதல் மேல்முறையீடு செய்த பிறகு. இணைப்பு உத்தரவு எதுவும் இல்லை, முன்மொழிவு மட்டுமே இருந்தது என்று எழுதியிருந்தார்கள். பூட்டுப் போடும் அளவுக்கு வந்த விஷயத்துக்கு ஒரு உத்தரவுகூட இல்லை. சில வாரம் கழித்து மையம் தொடரும் என்று எழுத்தில் கடிதம் வந்தது. அதை லேமினேட் செய்து ஊராட்சி அலுவலகத்தில் மாட்டியிருக்கிறோம்.

கட்டடத்துக்கு ஊராட்சி ஒன்றிய நிதியில் பழுது வேலை நடந்தது. மேல்தளம் பூசி, கழிப்பறைக்குக் கதவு வைத்து, ஆகஸ்டில் குழந்தைகள் உள்ளே போனார்கள். டீச்சரின் கூடுதல் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். நோட்டில் எழுதிய குழந்தைகளில் 2 வயது நிறைந்தவர்களில் பெரும்பாலோர் இப்போது வருகிறார்கள். வராத வீடுகளுக்கு மகளிர் குழுப் பெண்கள் போய்ப் பேசுகிறார்கள்.

ஆயா பணியிடம் இன்னும் காலிதான். டீச்சர் அடுப்பைப் பார்க்கும் நேரத்தில் குழந்தைகளோடு அம்மாக்கள் முறை வைத்து உட்காருகிறார்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு. அது அவர்கள் செய்ய வேண்டிய வேலை இல்லை. அடுத்த கிராம சபைப் பொருளில் ஆயா நியமனத்தைச் சேர்க்கச் சொல்லித் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.